மஞ்சள் வைக்கக் கூடாத புத்தகம்

வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு எங்கள் சாப்பாட்டு மேசையில் நூற்று அறுபது புத்தகங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் அட்டையிலும் நாலு மூலையிலும் பளிச்சென்று மஞ்சள். ஒரே அளவு, ஒரே இடம், ஒன்றுகூடக் கோணவில்லை. என் கணவர்தான் வைத்திருந்தார். அவை இறந்துபோன ஒரு அம்மாவின் நினைவுப் புத்தகங்கள். சனிக்கிழமை காலை, அந்த அம்மாவின் முப்பத்தோராம் நாள் காரியத்தில் வந்தவர்கள் கையில் கொடுக்க வேண்டியவை.

வீட்டிலிருந்தே டி.டி.பி. தொழில் தொடங்கலாமா என்று மாதத்துக்கு இரண்டு பேராவது எனக்கு ஃபோன் பண்ணுகிறார்கள். எந்த கம்ப்யூட்டர், எந்த பிரிண்டர், லைசென்ஸ் வேண்டுமா என்று கேட்கிறார்கள். இதற்கெல்லாம் ஐந்து நிமிஷத்தில் பதில் சொல்லிவிடலாம். இந்த வியாழக்கிழமையை ஐந்து நிமிஷத்தில் சொல்ல முடியாது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

1. கராஜ்

என் பெயர் வாணி. நாமக்கல்லில் கோர்ட்டுக்கு எதிரே இருந்த ஒரு டி.டி.பி. சென்டரில் நாலு வருஷம் வேலை பார்த்தேன். பத்திரம், மனு, கல்யாணப் பத்திரிகை, கட்சி நோட்டீஸ் என்று எல்லாம் அடித்திருக்கிறேன். வக்கீல் குமாஸ்தா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, திரையைப் பார்க்காமலே அடிப்பேன். அந்தத் திமிர் இன்னும் கொஞ்சம் என்னிடம் இருக்கிறது.

கல்யாணமாகி டெக்சஸ், ஃபிரிஸ்கோவுக்கு வந்தேன். எச்-4 விசா. எட்டு வருஷம் வேலை செய்ய அனுமதி இல்லை. ஆனால் சும்மா இருக்க விட்டார்களா என்ன? தமிழ்ப் பள்ளி ஆண்டு மலர், கோயில் விழா நோட்டீஸ், பொங்கல் விழா பேனர் எல்லாம் என்னிடம்தான் வந்தன. "வாணி, நீங்க வீட்லதானே இருக்கீங்க, கொஞ்சம் அடிச்சுக் குடுத்துடுங்களேன்" என்பார்கள். நானும் அடித்துக் கொடுத்தேன். வேலை மறக்காமல் இருந்ததற்கு அதுதான் காரணம், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

வொர்க் பெர்மிட் கையில் வந்த வாரமே கவுண்ட்டி ஆஃபீசுக்குப் போய்த் தொழில் பெயரைப் பதிவு செய்தேன். கராஜிலிருந்து என் கணவர் செந்திலின் காரை வெளியே எடுக்கச் சொன்னேன். அங்கே ஒரு கலர் லேசர் பிரிண்டர், பேப்பர் வெட்டும் கட்டிங் மெஷின், மடிப்புக் கோடு போடும் கிரீசிங் மெஷின், புத்தகத்தின் முதுகில் பின் அடிக்கும் ஸ்டேப்ளர் எல்லாம் வந்தன. அந்த வருஷம் பெய்த ஆலங்கட்டி மழையில் கார் பானெட் முழுக்கக் குழி விழுந்தது. செந்தில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேப்பர் பண்டல்கள் ஒரு நாள் முழுக்க டிரைவ்வேயில் கிடந்ததற்கு, குடியிருப்புச் சங்கமான ஹெச்.ஓ.ஏ.விலிருந்து கடிதம் வந்தது. அதற்கும் சொல்லவில்லை. இதையெல்லாம் பின்னால் நினைத்துப் பார்க்க வேண்டிய நாள் வரும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதல் பெரிய ஆர்டர் ஓர் அரங்கேற்றத்தின் புரோஷர். கேரல்டனில் இருக்கும் ராபர்ட்டோ என்பவரின் பிரஸ்ஸுக்கு ஃபைலை அனுப்பினேன். அவருடைய மெஷினில் என் தமிழ் முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. அவருக்குத் தமிழ் தெரியாதே, அதுதான் டிசைன் போலிருக்கிறது என்று ஐம்பது காப்பி ஓட்டிவிட்டார். அன்றிலிருந்து எழுத்தையெல்லாம் படம் மாதிரி மாற்றி அவுட்லைன் ஆக்காமல் எந்த ஃபைலையும் வெளியே விடுவதில்லை. அதே புரோஷரில், பெரிய மாமா பெயர் சின்ன மாமா பெயருக்குக் கீழே வந்துவிட்டது. எனக்கு அனுப்பிய லிஸ்டே அப்படித்தான் இருந்தது. ஆனால் திட்டு எனக்குத்தான் விழுந்தது. அதன் பிறகு புரூஃபில் வாடிக்கையாளர் கையெழுத்துப் போடாமல் ஒரு தாளும் அச்சுக்குப் போகாது. டாக்டரோ, கோயில் டிரஸ்டியோ, யாராக இருந்தாலும் சரி.

"என்ன ஆன்ட்டி, எங்களையே நம்பலையா?" என்று சில பேர் சிரித்துக்கொண்டே கேட்பார்கள்.

"உங்களை நம்பறேன். உங்க மாமனார் வீட்டுக்காரங்களை எனக்குத் தெரியாதே" என்பேன்.

2. மஞ்சள் சர்வீஸ்

என் தொழில் ஓடியதற்குக் காரணம் என் டிசைன் என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. உண்மையில் அது மஞ்சளால் ஓடியது.

கல்யாணப் பத்திரிகை என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுக்க வேண்டும். நம் ஊரில் வீட்டுப் பெண்கள் நாலு பேர் உட்கார்ந்தால் கதை பேசிக்கொண்டே முடித்துவிடுவார்கள். இங்கே புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் காலை ஏழு மணிக்கே மீட்டிங். முந்நூறு பத்திரிகைக்கு ஆயிரத்து இருநூறு மூலை. யார் தடவுவது? ஒரு அப்பா பத்திரிகையை வாங்கிக்கொண்டு போய், இரண்டு நாள் கழித்து அதே பெட்டியோடு திரும்பி வந்தார்.

"சிஸ்டர், தப்பா நினைக்காதீங்க. ஐம்பது கார்டுக்கு வச்சோம், கார் சீட் எல்லாம் மஞ்சளாயிடுச்சு. வைஃப் இனிமே முடியாதுங்கறா. நீங்களே வச்சுக் குடுத்துட முடியுமா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. மஞ்சள் தூளில் பன்னீர் விட்டு, ஒரு துளி கோந்து சேர்த்தால் காய்ந்த பிறகு உதிராது. மேக்கப் ஸ்பாஞ்சை வட்டமாக வெட்டி பாட்டில் மூடியில் ஒட்டி ஒரு முத்திரை மாதிரி செய்துகொண்டேன். விஷயம் பரவி ஹூஸ்டன், ரவுண்ட் ராக்கிலிருந்தெல்லாம் ஆர்டர் வந்தது. ஃபோனை எடுத்ததுமே, "நீங்கதானே மஞ்சள் வச்சுத் தர்றவங்க?" என்று கேட்பார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து பார்டர் வரைந்தவளுக்கு எப்படி இருக்கும்? ஆனாலும் "ஆமாங்க" என்றுதான் சொன்னேன்.

போன வருஷம் செந்திலுக்கு லே-ஆஃப். பதினெட்டு வருஷம் ப்ராஜெக்ட் மேனேஜராக இருந்தவர். காலையில் இரண்டு மணி நேரம் வேலைக்கு அப்ளை பண்ணுவார். மீதி நேரம் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருப்பார். ஒரு நாள் அந்த ஸ்பாஞ்சைக் கையில் எடுத்தவர், பிறகு விடவில்லை. அட்டையில் ஓர் அச்சு வெட்டி, பத்திரிகைமேல் அதை வைத்துத் தடவினால் மஞ்சள் எல்லாக் கார்டிலும் ஒரே இடத்தில் விழும்படி செய்தார். என்னைவிட அவருக்கு நன்றாக வந்தது. ஒரே குறை, கையில் இருப்பது என்னவென்று படித்துப் பார்க்க மாட்டார். மூலை மட்டும்தான் அவர் கண்ணுக்குத் தெரியும்.

3. தபாலதிபர்

சிவரஞ்சினி இங்கே பல் டாக்டர். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். முன்னே பின்னே பழக்கமில்லை. ஒரு நாள் கிளினிக் உடுப்போடே வந்து நின்றார்.

"அக்கா, அம்மா போன கிழமை மோசம் போயிட்டா. முப்பத்தொண்டுக்குக் கல்வெட்டு அடிக்க வேணும். செய்து தருவியளோ?"

கல்வெட்டு என்றதும் எனக்குக் கோயில் சுவர்தான் நினைவுக்கு வந்தது. விழித்தேன். அவரே விளக்கினார். இலங்கைத் தமிழர் வீடுகளில் இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் காரியத்தின்போது ஒரு சிறு புத்தகம் அச்சடித்து, வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, தேவாரம், வம்சாவளி, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எழுதியது, கடைசியில் நன்றி. அதற்குத்தான் கல்வெட்டு என்று பெயர். நாள் தள்ளிப் போட முடியாது. அன்றைக்குப் புத்தகம் இல்லையென்றால் பிறகு அது இருந்தும் பயனில்லை.

"எத்தனை பக்கம்மா?"

"முப்பத்திரண்டு. நூற்றி அறுபது புத்தகம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "அம்மா இங்க வந்து பதினொரு வருஷம், அக்கா. கோயிலில எல்லாரும் டாக்டரின்ட அம்மா எண்டுதான் சொல்லுவினம். அவ ஊரில தபாலதிபரா இருந்தவ. ஒரு தபால் கந்தோரையே தனியக் கொண்டு நடத்தினவ. அது இங்க ஒருத்தருக்கும் தெரியாது. முப்பத்தொண்டு அண்டைக்குத்தான் எல்லாரும் ஒண்டா வருவினம். அண்டைக்கு அவை தெரிஞ்சுகொண்டு போகவேணும். அதுக்குப் பிறகு ஆர் கேட்கப்போகினம்?"

நம் ஊரில் போஸ்ட்மாஸ்டர் என்பதைத்தான் அவர்கள் தபாலதிபர் என்கிறார்கள். எழுதிக் கொண்டுவந்ததைப் படித்தேன். அம்மாவின் பெயர் நாகேஸ்வரி. முப்பத்தாறு வயதில் கணவர் போய்விட்டார். மூன்று பிள்ளைகள். சண்டைக் காலத்தில் வாரக்கணக்கில் தேங்கி மூட்டையாக வந்து சேரும் கடிதங்களைப் பிரித்து, ஆள் இல்லாத நாட்களில் தானே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். கோர்ட் வாசலில் ஆயிரம் பேர் கதை அடித்தவள் நான். இதை அடிக்கும்போது இரண்டு தடவை எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அட்டையில் பிறப்பு இறப்பு தேதி வேண்டாம், உள்ளே போட்டால் போதும் என்றார் சிவரஞ்சினி. அம்மாவின் படம், பெயர், கீழே 'தபாலதிபர்' என்ற ஒரே சொல். பளபளப்பு வேண்டாம் என்று சொரசொரப்பான ஐவரி நிற அட்டைத் தாளைத் தேர்ந்தெடுத்தார்.

படங்களை அடுக்கும்போது ஒன்றை நான் ஒதுக்கி வைத்தேன். சிவரஞ்சினியின் கல்யாணப் படம். மணவறையைச் சுற்றி எல்லாரும் நிற்கிறார்கள். அம்மா மட்டும் பின்னால், மண்டபத்துக் கதவோரத்தில், பாதி முகம் மறைந்து நிற்கிறார்.

"இது வேண்டாம்மா. அம்மா சரியாவே தெரியல. வேற நல்ல படம் இருந்தாக் குடுங்க."

"அது கட்டாயம் வேணும், அக்கா. வெட்டவும் வேண்டாம்."

வாடிக்கையாளர் சொன்னால் சரி. வைத்தேன். புரூஃபில் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

4. வியாழன்

அதே வாரம் கோயமுத்தூர்க்காரர் ஒருவர் தன் அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு மலர் அச்சடித்தார். நூற்றைம்பது காப்பி, மஞ்சள் வைத்து வேண்டும். அந்த மலரும் வயதான ஓர் அம்மாவின் படம் போட்டதுதான். அதை வாங்க நான் வியாழன் காலை கேரல்டனுக்குக் கிளம்பினேன். சிவரஞ்சினியின் புத்தகங்கள் முந்தின நாளே பின் அடித்து முடிந்து, மேசைமேல் அடுக்கியிருந்தன.

செருப்பு மாட்டிக்கொண்டே செந்திலிடம் சொன்னேன், "இன்னைக்கு அந்த நூத்தம்பது புக்குக்கும் மஞ்சள் வச்சு முடிச்சிடணுங்க." நான் சொன்னது வரப்போகும் புத்தகத்தை. அவர் கண்ணுக்கு முன்னால் இருந்தது ஒரே புத்தகம்தான்.

கேரல்டனில் ராபர்ட்டோவின் மெஷின் ஏதோ தகராறு பண்ணியதில் மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததுமே மஞ்சள் வாசனை.

"முடிச்சுட்டேன்" என்றார் செந்தில். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு. "நூத்தம்பதுன்னு சொன்னே, எண்ணிப் பாத்தா பத்து எக்ஸ்ட்ரா இருந்துச்சு. சரி, அதுக்கும் வச்சுட்டேன்."

நான் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். "அது எறந்தவங்க புக்குங்க."

அவர் ஒரு புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைப் புரட்டினார். நான் அடித்த ஒன்றை அவர் படித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். படித்து முடித்தபோது முகம் வெளுத்துவிட்டது. "அட்டையில எதுவுமே போடலையே, வாணி."

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. படிக்கத் தெரியாதா, கண்ணில்லையா, ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்று கத்தினேன். அவர் ஸ்பாஞ்சைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"ஏதாவது ஒரு வேலையாவது நீ வர்றதுக்குள்ள முடிச்சு வைக்கலாம்னு பாத்தேன்" என்றார்.

அதற்கு மேல் நான் கத்தவில்லை. எட்டு வருஷம் வீட்டில் உட்கார வைக்கப்பட்டவள் நான். அந்த வார்த்தை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அது மட்டுமில்லை, தப்பில் பாதி என்னுடையது. ஊரெல்லாம் கையெழுத்துக் கேட்கிறவள், வீட்டுக்குள் செருப்பு மாட்டிக்கொண்டே ஆர்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தேன்.

சாவு காரியத்துக்கான தாளில் மஞ்சள் படக் கூடாது என்பதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தாயைப் பறிகொடுத்த வீட்டுக்கு, நல்ல காரியத்துப் பத்திரிகை மாதிரி மூலையில் மஞ்சள் வைத்துப் போய் நின்றால் என்ன ஆகும்? வருகிற பெரியவர்கள் அட்டையைத்தான் பார்ப்பார்கள். உள்ளே இருக்கும் தபாலதிபரை யார் படிப்பார்கள்?

"வெயில்ல வச்சா மஞ்சள் போயிடும்ல?" என்றார் செந்தில்.

வேட்டியில் பட்ட மஞ்சள் போகும். பத்துப் புத்தகத்தை டிரைவ்வேயில் டெக்சஸ் வெயிலில் பரப்பினோம். ஒரு மணி நேரத்தில் மஞ்சள் வெளுத்து, அழுக்குத் தண்ணீர் பட்ட கறை மாதிரி நின்றது. அட்டை அப்பளம் மாதிரி வளைந்தது. பிறகு ஒன்றைக் கட்டிங் மெஷினில் வைத்து மூன்று பக்கமும் வெட்டிப் பார்த்தேன். மஞ்சள் போனது. கூடவே பக்க எண்ணும், வம்சாவளியில் கடைசி வரிசைப் பேரப்பிள்ளைகளும் போய்விட்டார்கள். அந்தப் புத்தகத்தின் உள்தாளை மட்டும் மறுபடி என் பிரிண்டரில் ஓட்ட வேண்டியதாயிற்று. ஒரே வழிதான் மிச்சம். நூற்று அறுபது புத்தகத்திலும் பின்னைப் பிடுங்கி, புது அட்டை போட வேண்டும்.

"மாத்திடலாம். அவங்ககிட்ட சொல்லாதே, தெரியவா போகுது?" என்றார் செந்தில்.

எனக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த அட்டைத் தாள் கிடைக்காவிட்டால் என்ன செய்வது? வெறும் வெள்ளைத் தாளில் போடுவதா, வெட்டிக் கொடுப்பதா என்று நான் முடிவு பண்ண முடியுமா? புத்தகம் அவர்களுடையது. ஃபோனை எடுத்தேன்.

சிவரஞ்சினி கிளினிக்கில் இருந்தார். நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

"எல்லாத்திலயுமோ, அக்கா?"

"எல்லாத்துலயும்மா."

அவருக்குப் பின்னால் பல் மெஷின் ஓடுவது கேட்டது.

"சனிக்கிழமை காலமை அம்மாவின்ட புத்தகம் ஆக்களின்ட கையில இருக்குமோ, இராதோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

"இருக்கும்" என்றேன். கையில் ஒரு தாள்கூட இல்லாமல் சொன்னேன்.

5. எண்பத்திரண்டு தாள்

ராபர்ட்டோவிடம் அந்தத் தாள் தீர்ந்துவிட்டது. ஒரு தாளுக்கு இரண்டு அட்டை வரும், எண்பது தாள் வேண்டும். ஃபோன் பண்ணிப் பண்ணி டாலஸில் ஒரு வேர்ஹவுஸில் நாற்பது தாளும், ஃபோர்ட் வொர்த்தில் நாற்பத்திரண்டு தாளும் கண்டுபிடித்தேன். இரண்டும் ஐந்து மணிக்கு மூடிவிடும். நான் டாலஸுக்கு, செந்தில் ஃபோர்ட் வொர்த்துக்கு, இரண்டு காரில் கிளம்பினோம். நாலேமுக்காலுக்கு அவரிடமிருந்து ஒரு ஃபோட்டோ வந்தது. காரின் முன் சீட்டில் தாள் கட்டு, அதற்கு சீட் பெல்ட் போட்டிருந்தார்.

கோயமுத்தூர்க்காரரின் மலரை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து முந்நூற்றிருபது பின்களைப் பிடுங்கினோம். வெண்ணெய்க் கத்தியின் நுனியை உள்ளே விட்டு, இரண்டு காலையும் நிமிர்த்தி, உள்தாள் கிழியாமல் இழுக்க வேண்டும். நாலாவது புத்தகத்திலேயே செந்திலுக்குக் கை பழகிவிட்டது. இடையிடையே உள்ளே படிக்கவும் செய்தார். "இந்த அம்மா சைக்கிள்ல பதிமூணு மைல் போயிருக்காங்க" என்று என்னிடமே சொன்னார். அடித்தவளுக்குத் தெரியாதா என்று கேட்க வந்தேன், விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ராபர்ட்டோவின் வாசலில் நின்றேன். மெஷினில் நிறம் சரி பார்க்கவே நாலு தாள் வேண்டும் என்றார் அவர். இரண்டுதான் கூடுதல் இருக்கிறது, மூன்றாவது தாளில் கை வைக்கக் கூடாது என்றேன். முதலில் முறைத்தார். சமாசாரத்தைச் சொன்னதும் போன மாதம் இறந்த தன் அத்தையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இரண்டே தாளில் நிறம் பிடித்தார். எண்பது தாள், நூற்று அறுபது அட்டை, கையில் வந்துவிட்டது.

மதியம் முழுக்க வெட்டி, கோடு போட்டு, மடித்து, பின் அடித்தோம். பழைய ஓட்டைக்குக் கொஞ்சம் தள்ளிப் புதுப் பின். அட்டை மூடியதும் பழைய ஓட்டை வெளியே தெரியாது. நடுப்பக்கத்தை விரித்து உற்றுப் பார்த்தால் தெரியும். அதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்று முடிவு பண்ணிக்கொண்டேன்.

நாலரை மணிக்கு, கடைசிக்கு முந்தின அட்டையை நான் பக்கவாட்டில் திருப்பி வைத்துக் கோடு போட்டுவிட்டேன். குறுக்கே, அந்த அம்மாவின் நெற்றியிலேயே மடிப்பு விழுந்தது. மாற்றுத் தாள் இல்லை. நூற்று ஐம்பத்தொன்பதுதான் ஆயிற்று. உள்தாளெல்லாம் சரியாக இருந்த ஒரு புத்தகத்தை, பெட்டியில் கிடந்த பழைய அட்டைகளில் நல்லதாக ஒன்றைப் பார்த்து, மஞ்சளோடேயே பின் அடித்துத் தனியாக வைத்தேன். எண்ணிக்கை குறைந்ததற்குக் கணக்குக் காட்ட வேண்டுமே.

ஐந்து மணிக்கு சிவரஞ்சினி வந்தார். ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். நடுப்பக்க ஓட்டையைக் காட்டினேன். தலையாட்டினார். ஒன்று குறைகிறது, அதற்கு நான்தான் காரணம் என்றேன். செந்தில் கராஜ் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"சிஸ்டர், மஞ்சள் வச்சது நான்தான். படிக்காம வச்சுட்டேன். மன்னிச்சுடுங்க."

அவர் செந்திலைப் பார்த்தார். பிறகு என்னிடம், "அந்த ஒண்டு எங்க, அக்கா?" என்றார்.

எடுத்துக் கொடுக்கக் கை வரவில்லை. கொடுத்தேன். அவர் நாலு மூலையையும் ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். நான் திட்டுக்குத் தயாராக நின்றேன்.

"இதை எனக்குத் தாங்கோ. மற்றதெல்லாம் நாளைக்கு ஆக்களுக்கு. இது எனக்கு வேணும்."

"எதுக்கும்மா? இதை நான் கிழிச்சுப் போட்டுடறேன்."

"வேண்டாம். அம்மாவுக்கு முப்பத்தாறு வயசில அப்பா போனவர். அண்டையில இருந்து ஒரு நல்ல காரியத்திலயும் அவவை முன்னுக்கு நிக்க விடேல்லை. ஒருத்தரும் ஒரு மஞ்சள் பட்ட தாளை அவவின்ட கையில குடுக்கேல்லை. ஊருக்கே கடிதம் குடுத்தவ, அவவுக்குக் கலியாணக் காட் வந்தாலும் என்ட பேருக்குத்தான் வரும். என்ட கலியாணத்தில கூடக் கதவுக்குப் பின்னால நிண்டவ. நான் கூப்பிட்டனான், வரமாட்டன் எண்டிட்டா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்ப அவவின்ட பேருக்கே மஞ்சள் வச்சு ஒண்டு வந்திருக்கு. அதை ஏன் கிழிக்கிறியள்?"

வெட்ட வேண்டாம் என்று அவர் சொன்ன அந்தக் கல்யாணப் படம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாதி முகம்தான் தெரிகிறது என்று ஒதுக்கியவள் நான். எனக்கு அவமானமாக இருந்தது. செந்தில் உள்ளே போய்விட்டார். கிச்சன் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது, ரொம்ப நேரம்.

6. சனி

நாங்கள் இரண்டு பேரும் போனோம். பூசை முடிந்து, சாப்பாட்டுக்கு முன்னால் புத்தகத்தைக் கொடுத்தார்கள். சாதாரணமாக இப்படிக் கொடுப்பதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இலைக்குப் போவார்கள். அன்றைக்கு எல்லாரும் இருந்த இடத்திலேயே பிரித்துப் படிக்க ஆரம்பித்தார்கள். ஹூஸ்டனிலிருந்து வந்திருந்த வயதான ஒருவர் எழுந்து, "இவவோ? இவ எங்கட தபால் கந்தோரில இருந்தவவெல்லே! எனக்கு யூனிவர்சிட்டிக் கடிதம் கொண்டுவந்து தந்தது இவதான்" என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் புத்தகத்தைக் காட்டினார். கோயிலில் தினமும் பார்த்தவர்கள் சிவரஞ்சினியிடம் வந்து, "எங்களுக்குச் சொல்லவே இல்லையே" என்று கேட்டார்கள். டாக்டரின் அம்மா என்று அன்றைக்கு யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

முன்னால் அம்மாவின் படம், விளக்கு, பூ. அந்தப் படத்தின் காலடியில் மஞ்சள் மூலையோடு ஒரு புத்தகம். உறவுக்கார அம்மா ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "இதென்ன பிள்ளை, மஞ்சள் பட்டிருக்கு? எடு அங்கால" என்றார்.

"இருக்கட்டும் மாமி. அது அம்மாவுக்கு வந்தது" என்றார் சிவரஞ்சினி.

தொழில் தொடங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். வேலையை வாயால் சொல்லாதீர்கள், வீட்டு ஆளிடம்கூட. ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு தாள் ஒட்டுங்கள். தப்பு நடந்தால் முதல் ஃபோன் வாடிக்கையாளருக்குப் போகட்டும். செந்திலுக்கு இப்போது வேலை கிடைத்துவிட்டது. ஆனாலும் அந்தத் தாளை அவர்தான் ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டுக் கொடுத்தார். பெயர், எண்ணிக்கை, தாள், எந்த நாள், எதற்காக என்று எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. கடைசிக் கட்டம் மஞ்சள். எந்த வேலையாக இருந்தாலும் அதை நானாக நிரப்புவதில்லை. வாடிக்கையாளரைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

முதல் தாளைப் பழைய தேதி போட்டு நானே எழுதி ஃபைலில் வைத்தேன். இப்போதும் முதலில் இருப்பது அதுதான்.

திருமதி நாகேஸ்வரி, தபாலதிபர். முப்பத்திரண்டு பக்கம், ஐவரி அட்டை. மஞ்சள்: இல்லை, 159. உண்டு, 1.